ஊட்டியில் புளிக்காத மாவும் கோத்தகிரியில் மக்காத கப்பும்

கோத்தகிரியிலிருந்து வாசகி ஒருவர் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். கேரட் பாத்தியைக் கொத்தும்போது கிடைத்த ஜூஸ் கப், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது. அதன் மேல் ஒரு பச்சை இலை, பக்கத்தில் 'நான் சோளத்தில் பிறந்தேன், மண்ணுக்கே திரும்புவேன்' என்ற வாசகம். அதைப் படித்துவிட்டு அவர் மகன் ஆசையாகப் புதைத்து 14 மாதம் ஆகிறதாம். கழுவினால் இன்னும் புதுசு போலவே இருக்கிறது. "பொய் சொல்லி விற்கிறார்களா?" என்று கேட்கிறார்.

சோளத்தில் பிறந்தது உண்மைதான். மக்காச்சோள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி பாக்டீரியாவுக்குக் கொடுத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். தயிருக்கும் இட்லி மாவுக்கும் புளிப்பைத் தருவது இதே அமிலம். 1780இல் ஷீலே என்ற வேதியியலாளர் புளித்த பாலிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இந்த மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் சரமாகக் கோத்தால் பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமாக பிஎல்ஏ. அந்தக் கப் இதில் செய்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகள் கைகோக்கும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அதே இடத்தில் தண்ணீர் திரும்ப நுழைந்தால் பிடி விட்டுப்போகும். அதாவது இந்தச் சரத்தை அறுக்கும் கத்தரி வெறும் தண்ணீர்தான். அப்படியானால் கோத்தகிரியில் பெய்யும் மழைக்கு அந்தக் கப் எப்போதோ கரைந்திருக்க வேண்டாமா?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. அதே மாதிரி கப் ஒன்றை வாங்கி வந்து, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை ஊற்றிப் பார்த்தேன். சில நொடிகளில் விளிம்பு வளைந்தது, அப்புறம் பக்கச் சுவர் துவண்டு சரிந்தது. ஆனால் உருகவில்லை. உருக 150 டிகிரிக்கு மேல் வேண்டும். நடந்தது வேறு. சுமார் 55 முதல் 60 டிகிரி வரை பிஎல்ஏ சரங்கள் விறைத்துக் கிடக்கின்றன, அதைத் தாண்டியதும் நெளியத் தொடங்குகின்றன. நெளியும்போது இடைவெளி விழும், அதற்குள் தண்ணீர் தாராளமாகப் புகுந்து வெட்டும். ஒவ்வொரு வெட்டிலும் ஓர் அமிலத் தொகுதி முளைக்கிறது, அந்த அமிலம் அடுத்த வெட்டை வேகப்படுத்துகிறது. அறுபட அறுபட இன்னும் வேகமாக அறுபடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. சரங்கள் போதுமான அளவு குட்டையான பிறகுதான் நுண்ணுயிர்கள் வந்து தின்கின்றன.

விறைத்துக் கிடக்கும் குளிரில் இந்த வேலை நடக்காமல் இல்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். 'மக்கும்' என்று சான்றளிக்கும் சோதனையே ஏறக்குறைய 58 டிகிரியில் வைத்துத்தான் நடக்கிறது. 180 நாளுக்குள் 90 சதவீதம் சிதைந்து கார்பன்டைஆக்சைடாக வேண்டும் என்பது கணக்கு. பெரிய உரக்கிடங்கில் லாரி லாரியாகக் கழிவைக் குவிக்கும்போது நுண்ணுயிர்கள் மூச்சுவிடும் சூடு உள்ளேயே தங்கி அந்த வெப்பம் தானாக வந்துவிடும். வீட்டு உரக்குழியோ சின்னது, சூடு சுற்றிலும் கசிந்துவிடும். கோத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ள ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இட்லி மாவு பொங்கவே பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த மலை மண் 58 டிகிரிக்கு எங்கே போகும்?

ஆக, வாசகம் முழுப் பொய் இல்லை, ஆனால் அதில் பாதி காணோம். எந்த வெப்பத்தில், எந்த இடத்தில் என்பதை விட்டுவிட்டார்கள். அந்தப் பாதியை நம்பித்தான் ஒரு பையன் குழி தோண்டியிருக்கிறான். எனக்குக் கோபம் வருவது அதனால்தான். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சுற்றுச்சூழலுக்கு நல்லது போலக் காட்டிக்கொள்ளும் 'பசுமைப் பூச்சு' விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஆதாரமும் விளக்கமும் கூடவே வேண்டும். கப்பில் இலை வரைகிற செலவோடு, மலையில் விற்ற கப்புகளைத் திரும்ப வாங்கிச் சமவெளி உரக்கிடங்குக்கு அனுப்பும் செலவையும் அந்த நிறுவனங்கள் ஏற்கட்டும். அதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியவில்லை.

பிஎல்ஏவைத் தின்னும் மண் பாக்டீரியா ஒன்றை, அமைக்கோலாடாப்சிஸ் என்ற இனத்தைச் சேர்ந்தது, 1997இல் ஜப்பானில் ஆய்வு செய்தவர்கள் கண்டுபிடித்தார்கள். நம் சோலைக்காட்டு மண்ணில் குளிரிலேயே வேலை செய்யும் ஒன்று இருக்குமா? தேடிப் பார்க்க இரண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தால் போதும். விளம்பரப் படம் ஒன்றுக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

அம்மா, அந்தக் கப்பைத் திரும்பப் புதைக்க வேண்டாம். தண்ணீர் பாட்டில்களோடு பழைய கடைக்கும் போடாதீர்கள், இது கலந்தால் அந்த பிளாஸ்டிக்கின் மறுசுழற்சி கெடும். அடியில் நாலு ஓட்டை போட்டு, பையனிடம் கொடுத்து முட்டைக்கோஸ் நாற்று விடச் சொல்லுங்கள். இத்தனை மாதம் மண்ணில் தாங்கியது இன்னும் சில நடவுப் பருவம் தாங்கும்.