நெக்ஸஸ் என்றால் இணைப்பா?

“அமெரிக்காவில் எந்த மாநிலத்தோடு உங்களுக்கு இணைப்பு இருக்கிறதோ, அங்கே மட்டும் விற்பனை வரி வசூலித்தால் போதும்.” ரசிகர்கள் படைப்பாளிகளுக்கு மாதச் சந்தா கட்டும் பேட்ரியான் தளத்தில் உறுப்பினர் சேர்ப்பவர்களுக்கும், மின்னூல், டிசைன் கோப்பு, பயிற்சி வீடியோ விற்பவர்களுக்கும் தமிழில் வரி விளக்கும் இடங்களில் இந்த வாக்கியம் ஏதோ ஓர் உருவில் வந்துவிடுகிறது. மூலத்தில் இருக்கும் சொல் நெக்ஸஸ். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ‘இணைப்பு’ என்று வைத்துவிட்டார்கள். மாட்டிக்கொள்வது படிப்பவர்.

வேர் எளிது. லத்தீனில் நெக்டெரே என்றால் கட்டுதல், பிணித்தல். அதன் வழி வந்த நெக்ஸஸ், கட்டுண்ட நிலை. பழைய ரோமச் சட்டத்தில் நெக்ஸம் என்றொரு கடன்முறை இருந்தது. கடன் தீராவிட்டால் கடனாளியின் உடம்பே ஈடு. கனெக்ட், அனெக்ஸ் இரண்டும் அதே வேர்தான். ‘இணைப்பு’க்காரர்கள் அதைக் காட்டி வாதாடுவார்கள். ஆனால் வேர் ஒன்று என்பதற்காகப் பொருள் ஒன்றாகிவிடாது.

அமெரிக்க வரிச் சட்டத்தில் நெக்ஸஸ் என்பது, வெளியிலிருந்து விற்கும் ஒருவரைப் பார்த்து “எங்கள் வரியை வசூலித்துக் கட்டு” என்று கட்டாயப்படுத்த ஒரு மாநிலத்துக்குப் போதுமான பிடி. அந்தப் பிடிக்கு எது போதும் என்பதுதான் அரை நூற்றாண்டு வழக்கு. 1967-இல் நேஷனல் பெல்லஸ் ஹெஸ், 1992-இல் குவில் என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனங்களின் வழக்குகளில், கடையோ கிடங்கோ ஆளோ அந்த மாநிலத்தில் இருந்தால்தான் பிடி உண்டு என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 2018 ஜூன் 21 அன்று, வேஃபேர் என்ற இணைய விற்பனை நிறுவனத்தின் மேல் சவுத் டகோட்டா மாநிலம் தொடுத்த வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தூக்கி எறிந்தது. சவுத் டகோட்டா சட்டம் வைத்திருந்த அளவு: ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேல் விற்பனை, அல்லது 200 தனித்தனி விற்பனைகள். மாநிலத்தில் கால் வைக்காமலே பிடி விழும். விற்பனை வரி உள்ள மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. கடைசியாக வந்தது மிசௌரி, 2023 ஜனவரி 1.

இப்போது ‘இணைப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, கேஸ் இணைப்பு. எல்லாவற்றிலும் ஒரே இலக்கணம்: நாம் விண்ணப்பிக்கிறோம், கொடுக்கிறார்கள்; வேண்டாமென்றால் துண்டிக்கிறோம். தமிழ் வாசகர் மனத்தில் ‘இணைப்பு’ என்றால் கேட்டு வாங்குவது. நெக்ஸஸை யாரும் கேட்டு வாங்குவதில்லை. விற்பனை ஓர் அளவைத் தாண்டிய கணத்தில், விற்றவருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அது விழுந்துவிடுகிறது.

இந்த ஒரு வேறுபாடு போனதால் வரும் குழப்பங்கள் ஒன்றிரண்டு அல்ல. “நான் எந்த மாநிலத்தோடும் இணைப்பு எடுக்கவில்லையே” என்று இருந்துவிடுவது முதல் குழப்பம். அடுத்தது பதிவோடு குழப்பிக்கொள்வது. மாநில வருவாய்த் துறையிடம் விண்ணப்பித்துப் பெறுவது விற்பனை வரி அனுமதி; அதைத்தான் ‘இணைப்பு’ என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பிடி முதலில் விழும், பதிவு அதன் பின்னால் வரும். இடையில் பதிவே இல்லாமல் உறுப்பினர்களிடம் வரி என்று வாங்கி வைத்துக்கொள்வது தனிக் குற்றம். மூன்றாவது குழப்பம், ஸ்ட்ரைப் கணக்கைத் தளத்தோடு இணைப்பதுதான் இந்த இணைப்பு என்று நினைப்பது. ஸ்ட்ரைப் பணம் கைமாற்றும் நிறுவனம். அதை இணைப்பதும் துண்டிப்பதும் எந்த மாநிலத்தின் பிடியையும் கூட்டாது, குறைக்காது.

எண்ணிக்கை வரம்பு உறுப்பினர் சந்தாவை எப்படிப் பிடிக்கும் என்று கணக்கிட்டால் இதன் கனம் தெரியும். ஒரு மாநிலத்தில் 17 பேர், ஆளுக்கு மாதம் 3 டாலர். ஆண்டு வரவு 612 டாலர். மாதாமாதம் எழும் ஒவ்வொரு கட்டணத்தையும் தனி விற்பனையாக எண்ணினால் 17 × 12 = 204. வரம்பு தாண்டியாயிற்று. அறுநூறு டாலர் வரவுக்கு ஒரு மாநிலத்தில் பதிவு, கணக்குத் தாக்கல், விற்பனையே இல்லாத காலத்துக்கும் பூஜ்யத் தாக்கல். இந்த அநியாயம் புரிந்துதான் சவுத் டகோட்டாவே 2023 ஜூலை 1 முதல் 200 என்ற எண்ணிக்கையைக் கைவிட்டது. வேறு சில மாநிலங்களும் கைவிட்டன. எல்லாம் கைவிடவில்லை. விற்கும் மாநிலத்தின் இன்றைய விதியை அதன் வருவாய்த் துறைப் பக்கத்திலேயே பார்க்க வேண்டும்.

சரி, ‘தொடர்பு’ என்று சொல்லலாமே என்பார்கள். மொழிபெயர்ப்பாளர்களில் கொஞ்சம் கவனமானவர்கள் இதைத்தான் எடுக்கிறார்கள். எடுத்த எடுப்பில் குறை தெரியாது. குவில் தீர்ப்பைத் தமிழில் சொல்லப் பார்த்தால் தெரியும். அந்தத் தீர்ப்பு இரண்டு அளவுகோல்களைப் பிரித்தது. ஒரு மாநில நீதிமன்றத்துக்குள் ஒருவரை இழுக்க அங்கே அவருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொடர்பு ஒன்று. வரி வசூலிக்கச் சொல்வதற்குத் தேவையான கணிசமான நெக்ஸஸ் மற்றொன்று. முதலாவது குவில் நிறுவனத்துக்கு இருந்தது, இரண்டாவது இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். இரண்டுக்கும் ‘தொடர்பு’ என்று போட்டால், “தொடர்பு இருக்கிறது, ஆனால் தொடர்பு இல்லை” என்று எழுத வேண்டியிருக்கும். ஒரு தீர்ப்பின் முதுகெலும்பையே முறிக்கும் சொல் எப்படிக் கலைச்சொல் ஆகும்?

வேறு வழிகளும் அடைபட்டிருக்கின்றன. ‘வரிக்கட்டு’ நல்ல தமிழ்தான். ஆனால் காதில் “வரி கட்டு” என்ற ஏவலாகத்தான் விழும். ‘தொடுப்பு’ என்று ஒருவர் எழுதினால் ஊரில் அதற்கு என்ன பொருள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. செய்தித்தாள்களில் நெக்ஸஸ் என்றாலே கள்ளக்கூட்டு. ரவுடிக்கும் அதிகாரிக்கும் இடையில் இருப்பது. அந்தப் பொருளைச் சுமந்துகொண்டு ‘நெக்ஸஸ்’ என்றே தமிழ் எழுத்தில் விட்டுவிடுவதும் சரியில்லை. பேச்சில் போகட்டும், விளக்கக் கட்டுரையில் அது சோம்பல்.

என் முடிவு: வரிப்பிணைப்பு. இடம் தெளிவாக இருந்தால் வெறும் பிணைப்பு.

பிணை என்பது நெக்டெரே செய்யும் வேலையையே செய்யும் வினை. மலர்களைச் சேர்த்துக் கட்டியது பிணையல். நீதிமன்றத்தில் பிணை, வங்கியில் பிணையம், இலங்கையில் பிணைமுறி: எல்லாவற்றிலும் ஒரு பொறுப்புக்கு ஆள் கட்டுப்பட்டிருக்கிறார். பள்ளிப் புத்தகத்தில் வேதிப்பிணைப்பு உண்டு. அதையும் எந்த அணுவும் விண்ணப்பித்துப் பெறுவதில்லை, நிலைமை கூடினால் உண்டாகிறது. கட்டுப்படுதல், தானே உண்டாதல் என்ற இரண்டு கூறும் இந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. ‘பிணைப்பு’ என்றால் பாசப்பிணைப்பு ஞாபகம் வருகிறதே என்ற ஆட்சேபத்துக்கு, முன்னால் ‘வரி’ நிற்பது போதும்.

வகைகளுக்கும் சொல் வேண்டும். கடை, கிடங்கு, பணியாளர் வழியாக வருவது நேரிருப்புப் பிணைப்பு. விற்பனை அளவால் வருவதைப் ‘பொருளாதார இணைப்பு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அது ஏதோ இரு நாட்டு ஒப்பந்தம் போல ஒலிக்கிறது. தமிழ்நாட்டு வணிகவரித் துறை வழக்கில் மொத்த விற்பனைத் தொகைக்குக் காலங்காலமாக இருக்கும் ‘விற்றுமுதல்’ கைவசம் இருக்க, பொருளாதாரம் எதற்கு? விற்றுமுதல் பிணைப்பு என்றால் முடிந்தது.

இதேபோல சேல்ஸ் டாக்ஸை ‘ஜிஎஸ்டி’ என்று சொல்லிக் கடந்து போவதும் தவறு. ஜிஎஸ்டி ஒவ்வொரு படியிலும் விழுந்து, முன் படியில் கட்டியது கழிக்கப்படும் வரி. அமெரிக்க வரி கடைசி வாங்குபவரிடம் ஒரே முறை வாங்குவது. ‘விற்பனை வரி’ நமக்குப் புதிய சொல்லும் இல்லை. ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1939-இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரிச் சட்டம் போட்ட நாளிலிருந்து கடைத்தெருவில் புழங்கிய சொல்.

பிணைப்பின் சிக்கலும் இந்தியாவுக்குப் புதிதல்ல. பெங்களூரில் அச்சாகிப் பம்பாய் மாகாணத்தில் விற்ற ஒரு பத்திரிகையின் பரிசுப் போட்டிக்குப் பம்பாய் வரி விதித்தது. 1957-இல் ஆர்.எம்.டி.சி. வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது: நுழைவுப் படிவமும் கட்டணமும் பம்பாயில் திரட்டப்பட்டன, பிணைப்பு போதும். பிணைப்பு மெய்யானதாக இருக்க வேண்டும், பொய்த்தோற்றம் ஆகாது. கேட்கும் பொறுப்பு அந்தப் பிணைப்புக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனையும் வைத்தது. இந்த இடத்தில் ‘இணைப்பு’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள், வாக்கியம் நொண்டும்.

சொல் தெளிந்தால் அடுத்த கேள்வியும் தனியாக நிற்கும்: பிணைப்பு விழுந்துவிட்டது, ஆனால் விற்ற பொருள் வரிக்குரியதா? இவை இரண்டும் வேறு வேறு. 10 டாலர் மின்னூலைத் தரவிறக்கமாக விற்றால் பென்சில்வேனியாவில் மாநில வரி 6 சதவீதம், 60 சென்ட். அங்கே 2016 ஆகஸ்ட் 1 முதல் டிஜிட்டல் விற்பனை வரிக்குரியது. கலிபோர்னியாவில் அதே தரவிறக்கத்துக்கு வரி இல்லை, அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினால் உண்டு. கலிபோர்னியாவின் 5,00,000 டாலர் வரம்பிலும் தொட்டறியும் பொருள் விற்பனைதான் எண்ணப்படும். டெக்சஸின் வரம்பும் 5,00,000 தான், ஆனால் டிஜிட்டல் தரவிறக்கம் அங்கே வரிக்குரியது. ஓரிகன், மொன்டானா, டெலவர், நியூ ஹாம்ப்ஷயர், அலாஸ்கா ஐந்திலும் மாநில விற்பனை வரியே இல்லை. அலாஸ்காவில் உள்ளாட்சிகள் மட்டும் வாங்கும்.

உறுப்பினர் சந்தா இன்னும் சிக்கல், ஏனென்றால் அது ஒரே விலையில் பல பொருள். கைம்மாறு எதுவும் இல்லாமல் கொடுத்தால் அது விற்பனையே அல்ல. முன்கூட்டியே பார்க்கும் வீடியோ, பிடிஎஃப், அரட்டை அறை, மூன்று மாதத்துக்கு ஒரு டி-சர்ட் எல்லாம் சேர்ந்த 10 டாலர் சந்தா நிலை என்றால், வரிக்குரியதும் அல்லாததும் கலந்த மூட்டை. விலையைப் பிரித்துக் காட்டாவிட்டால் பல மாநிலங்களில் முழுத் தொகைக்கும் வரி விழும். எளிமைப்படுத்தப்பட்ட விற்பனை வரி ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலங்களில் ஒரு விலக்கு உண்டு: வரிக்குரிய பகுதி மொத்தத்தில் 10 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் மூட்டை முழுவதும் வரிக்குள் வராது. பேட்ரியான் போன்ற தளங்கள் படைப்பாளி குறிப்பிடும் சலுகைகளையும் உறுப்பினரின் இருப்பிடத்தையும் வைத்தே வரி கணக்கிடுகின்றன. அங்கே சலுகையைத் தவறாகக் குறித்தால் உறுப்பினர் தவறான வரி கட்டுவார்.

விற்பவருக்குப் பதில் தளமே வரி வசூலிக்கும் இந்த ஏற்பாட்டில் தளத்துக்கு (மார்க்கெட்பிளேஸ் ஃபெசிலிடேட்டர்) வைத்திருக்கும் ‘சந்தை வசதியாளர்’ என்ற பெயர் காது கூசுகிறது. ‘வரி வசூல் தளம்’ என்றால் பாமரருக்கும் புரியும். அதைவிட ஆபத்து, மெர்ச்சன்ட் ஆஃப் ரெகார்டு என்பதற்கு வைத்திருக்கும் ‘பதிவு வணிகர்’. டிஜிட்டல் பொருள்கள் விற்கும் தளமான கம்ரோட் 2025 ஜனவரி 1 முதல் தானே சட்டப்படி விற்பனையாளராக நின்று வரியைக் கட்டுகிறது. அந்த நிலைக்குத்தான் இந்த மொழிபெயர்ப்பு. நம் விற்பனை வரிச் சட்டத்தில் ‘பதிவு பெற்ற வணிகர்’ என்றால் துறையில் பதிந்து எண் வாங்கிய கடைக்காரர். இரண்டையும் ஒன்றாக நினைத்தால், “நான் பதிவு செய்யவில்லையே, வரி யார் பொறுப்பு?” என்ற கேள்வி தலைகீழாகிவிடும். பில்லில் யார் பெயர் விற்பனையாளராக இருக்கிறதோ அவர் பொறுப்பு. எனவே பில்வழி விற்பனையாளர்.

தளம் வசூலிப்பது தளத்தில் நடந்த விற்பனைக்கு மட்டும். அதே மின்னூலைச் சொந்த இணையதளத்தில் ஸ்ட்ரைப் வழியாக விற்றால் அந்த வரிக்குப் படைப்பாளிதான் பொறுப்பு. தளத்தில் விற்றதையும் சேர்த்து வரம்பை எண்ணும் மாநிலங்களும் உண்டு, சேர்க்காதவையும் உண்டு. சென்னையில் இருந்து விற்கிறேன், இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தம் இருக்கிறதே என்பதும் உதவாது. அது மத்திய வருமான வரிக்கானது, மாநில விற்பனை வரியைக் கட்டுப்படுத்தாது.

தவறவிட்டால் என்ன ஆகும்? பிணைப்பு விழுந்த பிறகு வசூலிக்காமல் விட்ட விற்பனை 60,000 டாலர் என்றால், 6 சதவீதத்தில் 3,600 டாலர், வட்டியும் அபராதமும் தனி. பழைய உறுப்பினர்களிடம் போய் அதைக் கேட்க முடியாது, கைக்காசு. மாநிலம் கடிதம் அனுப்புவதற்கு முன் தாமாகப் போய்ச் சொல்பவர்களுக்குப் பல மாநிலங்கள் பின்னோக்கிப் பார்க்கும் ஆண்டுகளைக் குறைத்து, அபராதத்தைத் தள்ளுபடி செய்கின்றன. இன்னொன்று, பல மாநிலங்கள் நடப்பு ஆண்டையோ முந்தைய ஆண்டையோ பார்த்து வரம்பு கணக்கிடுவதால், இந்த ஆண்டு ஒன்றுமே விற்காவிட்டாலும் போன ஆண்டின் பிணைப்பு தொடரும். தளத்தில் கடையை மூடிவிட்டு, மாநிலப் பதிவை முறைப்படி ரத்து செய்யாமல் விட்டவருக்கும் தாக்கல் செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துகொண்டே இருக்கும்.