காப்பகத்தில் யார் இருக்கிறார்கள்?

கிளிநொச்சியில் பெரியம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் ஸ்பெயினின் அல்மடேன் சுரங்கத்தைப் பற்றி ஒரு படம் ஓடியது. தமிழ்க் குரல் சொன்னது: "பழைய சுரங்கத் தொழிலாளர் மருத்துவமனை இன்று அருங்காட்சியகமாகவும் காப்பகமாகவும் இயங்குகிறது." பெரியம்மா உடனே கேட்டார்: "அந்தத் தொழிலாளியளின்ர பிள்ளையளை அங்கையோ வச்சுப் பாக்கினம்?"

பிழை பெரியம்மாவுடையது அல்ல. 'ஆர்க்கைவ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் காப்பகம் என்று போடும் இந்த மொழிபெயர்ப்பைக் கேட்டுக் கேட்டு எனக்கும் காது புளித்துவிட்டது. வன்னியில் காப்பகம் என்றால் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளோ, பார்க்க ஆளில்லாத முதியவர்களோ இருக்கும் இடம். அல்மடேனில் இருப்பவை பழைய தாள்கள். அங்கே சாதிலிங்கக் கல்லைச் சுட்டுப் பாதரசம் எடுத்தார்கள். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை கால் நடுங்கியது, பல் விழுந்தது. அவர்களுக்காக 1755 இல் தொடங்கி 1773 இல் கட்டி முடித்த ஆசுபத்திரியில்தான் இன்று சுரங்கத்தின் பழைய பதிவுகள் இருக்கின்றன.

'ஆர்க்கைவ்' கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். ஆட்சி அதிகாரியின் இருப்பிடம் என்பது பழைய பொருள்; எழுத்துகளையும் அங்கேயே வைத்தார்கள். அவ்வளவுதான்.

சென்னை எழும்பூரில் இருப்பது ஆவணக் காப்பகம். முழுதாகச் சொன்னால் எனக்குச் சண்டையில்லை. ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இரண்டு சொல் பாரம். முன்னதை வெட்டிவிட்டுப் பின்னதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதோடு, ஆவணம் என்றதும் உரிமையை நிறுவும் பத்திரம்தான் எனக்கு நினைவு வரும். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் கிழவராக வந்த சிவன், 'நீ என் அடிமை' என்று நிறுவச் சுந்தரர் முன் நீட்டினாரே, அது ஆவணம். (அந்த வழக்கிலேயே சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு எழுத்தைப் பாதுகாப்பிலிருந்து எடுப்பித்து ஒப்பிட்டார்கள் என்கிறார் சேக்கிழார். நமக்கும் பழைய வழக்கம்தான்.) நோயாளிப் பெயர்ப் பதிவும் கூலிக் கணக்கும் அப்படிப்பட்ட பத்திரங்களா?

என் தெரிவு சுவடிக்கூடம். இலங்கையில் இது புதிதும் இல்லை, கொழும்பில் பழைய அரசுப் பதிவுகளை வைத்திருக்கும் தேசியத் திணைக்களத்தின் பெயரிலேயே சுவடி உண்டு. "சுவடி என்றால் பனையோலை அல்லவா?" என்று ஒரு நண்பர் மடக்கப் பார்த்தார். சரி, அவர் படித்த அரிச்சுவடி ஓலையிலா இருந்தது? கடையில் வாங்கிய அச்சுத்தாள்தானே! ஓலை போனாலும் சொல் தாளுக்கு மாறி வந்துவிட்டது. கணினிக்கும் வரும்.

அருங்காட்சியகத்துக்கு நாங்கள் சொல்லிவந்த நூதனசாலையையும் காப்பாற்ற எனக்கு மனமில்லை. நூதனம் என்றால் புதுமை. துருப்பிடித்த சுரங்க விளக்கில் என்ன புதுமை? இந்த ஒன்றில் தமிழகத்துச் சொல்லே தெளிவு. அங்கிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்காமல் மொத்தமாகப் படியெடுப்பதுதான் எரிச்சல்.

பெரியம்மாவிடம், அது ஒரு சுவடிக்கூடம், பழைய கடதாசி, பதிவேடு எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிற இடம் என்றேன்.

"அப்ப இடம்பெயரேக்க துலைஞ்ச எங்கட காணி உறுதியும் அப்பிடி எங்கையும் கிடக்குமோ?"

அதற்குக் காணிப் பதிவகத்தில் கேட்க வேண்டும் என்று சொன்னேன்.