எட்டு வயதில் கிழடு தட்டிய ரத்தக்குழாய்

1933-இல் பாஸ்டனில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பக்கவாதம் வந்து இறந்தான். அவனுடைய கழுத்து ரத்தக்குழாய்கள் கிழவர்களுக்கு இருப்பதுபோலத் தடித்துச் சுருங்கியிருந்தன. முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து, ஹார்வர்டு நோயியல் மருத்துவர் கில்மர் மெக்கல்லி அந்தப் பழைய திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். இரண்டு மாதக் கைக்குழந்தை ஒன்றின் ரத்தக்குழாயிலும் இதே சேதம். இரண்டு பேருக்கும் பழுதான நொதி வேறு, நோயும் வேறு. முதல் நோயில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ரத்தத்தில் ஏறும், இரண்டாவதில் ஏறாது. இரண்டிலும் எகிறுவது ஹோமோசிஸ்டீன் என்ற இன்னொரு அமினோ அமிலம் மட்டும்தான். அப்படியானால் ரத்தக்குழாயைக் கெடுப்பது அதுதானே என்று 1969-இல் எழுதினார்.

ஹோமோசிஸ்டீன் உணவிலிருந்து நேராக வருவதில்லை. புரதத்திலுள்ள மெத்தியோனினை உடல் பயன்படுத்தியபின் எஞ்சுவது. இதற்கு இரண்டு போக்கிடம் உண்டு: ஃபோலேட், பி12 ஆகிய வைட்டமின்களின் துணையோடு மறுபடி மெத்தியோனின் ஆகலாம், பி6 துணையோடு சிஸ்டீன் என்ற வேறொரு அமினோ அமிலம் ஆகலாம். வைட்டமின் பற்றாவிட்டால் தேங்கி ரத்தத்தில் கசியும். சிறுநீரகம் தளர்ந்தாலும், தைராய்டு குறைந்தாலும் ஏறும். லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இயல்பு என்பார்கள். ஆனால் ஒன்று: சோதனைக்கு எடுத்த ரத்தத்தைச் சும்மா வைத்திருந்தால் சிவப்பணுக்கள் சோதனைக் குழாய்க்குள்ளேயே இதைச் சுரந்துகொண்டிருக்கும். ஐஸில் வைக்காமலோ சிவப்பணுக்களைச் சீக்கிரம் பிரிக்காமலோ விட்ட மாதிரியில் அளவு பொய்யாக ஏறித் தெரியும்.

சரி, வைட்டமின் மாத்திரையால் குறைத்துவிட்டால் இதயம் தப்புமா? 2006-இல் வெளியான ஹோப்-2 ஆய்வில் 5,522 பேரில் ஒரு பகுதியினருக்கு இந்த வைட்டமின்களையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையையும் சுமார் ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு இறங்கவில்லை. பக்கவாதம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. 2015-இல் சீனாவில் ரத்த அழுத்தமுள்ள 20,702 பேரிடம் நடந்த ஆய்விலும் அதே ஜாடைதான்: அழுத்த மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) சாப்பிட்டவர்களில் 2.7 சதவீதத்தினருக்கு முதல் பக்கவாதம் வந்தது, அழுத்த மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 3.4 சதவீதம். அங்கே மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் இல்லாததால், பலருக்கு அது ஏற்கெனவே பற்றாக்குறையாக இருந்திருக்கும்.

ஆகவே இதயத்தைப் பொறுத்தவரை இந்த எண்ணைக் குறைப்பதையே குறியாக வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் எண் கூடியிருந்தால் பி12-ஐப் பார்க்காமல் விடக்கூடாது, அதுவும் பி12-ஐக் குறைக்கக்கூடிய சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடமாகச் சாப்பிடுபவர்கள். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் விழுங்கினால் ரத்தசோகை சரியாகிவிடும். ஆனால் பி12 குறைவால் நரம்பு கெட்டுப் பாதம் மரத்துப்போவது உள்ளே தொடரும்.