சப்பாத்துப் பெட்டியில் வந்த வெள்ளைக்கண்ணி

ஏப்ரல் விடுமுறைக்கு நுவரெலியா போனவர்கள் திரும்பும் வாரத்தில், வெள்ளவத்தையில் உள்ள என் மிருக வைத்திய கிளினிக்குக்கு வருவது பெரும்பாலும் வயிறு குழம்பிய நாய்கள்தான். இந்த முறை ஒரு சப்பாத்துப் பெட்டி வந்தது. உள்ளே பஞ்சுக்கு நடுவே ஒரு பச்சைக் குருவி, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்.

"நுவரெலியா விடுதி ஜன்னல்ல அடிபட்டு விழுந்தது டொக்டர். விட்டிட்டு வரமாட்டன் எண்டு பிள்ளை ஒரே அழுகை" என்றார் தகப்பன்.

வெள்ளைக்கண்ணி கொழும்பிலும் உண்டு. அதனால் தேறியதும் வீட்டு மாமரத்தில் விட்டுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். விளக்கை இழுத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. முதுகில் நம்ம ஊர்க் குருவியின் மஞ்சள் கலந்த பச்சை இல்லை. பாசி பிடித்த மாதிரி ஒரு கரும்பச்சை. கண் வளையமும் நல்ல அகலம். இது மலைநாட்டு வெள்ளைக்கண்ணி, இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டிலும் இல்லாதது. 'எங்கே விழுந்தது' என்பதை நான் முழுசாகக் காதில் வாங்கவில்லை என்பதே உண்மை.

ஹோட்டன் சமவெளி போன்ற இடங்களில், மேகம் தரையோடு உரசிப் போகும் காடுகளில் வாழும் குருவி இது. மரங்கள் குட்டையாக இருக்கும், கிளையெல்லாம் பாசி தொங்கும். அங்கே கூட்டமாக, ஒன்றையொன்று கூப்பிட்டபடியே மரம் மரமாகப் போகும். பூச்சி, சின்னப் பழங்கள், பூந்தேன்தான் சாப்பாடு. தேனை ஒற்றியெடுக்க நாக்கு நுனி தூரிகை மாதிரி பிரிந்திருக்கும்.

அந்த நாக்குக்குப் பாணைப் பாலில் நனைத்துக் கொடுத்திருந்தார்கள். அலகோரம் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. காதருகே பிடித்தால் மூச்சோடு சின்னதாக ஒரு 'டிக், டிக்'. பறவைக்கு மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. வாயைத் திறந்து ஊற்றினால் பால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். போதாக்குறைக்கு பஞ்சு நூல் நகத்தில் சுற்றிக் கால் வீங்கியிருந்தது. இந்த வெக்கை வேறு. பறவைக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கொழும்பின் ஈரக்காற்றில் அதுவும் சரியாக நடக்காது. ஒட்சிசன் வைத்தேன், நூலை வெட்டியெடுத்தேன். விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

எனக்கு ஆற்றாமை என்னவென்றால், ஜன்னலில் மோதிய குருவிகளில் பல வெறும் மயக்கத்தில்தான் கிடக்கும். காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் ஒரு துணி, மூடி வைத்து ஒரு இருட்டான மூலை. பஞ்சு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். ஒரு மணித்தியாலம் கழித்து விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வெளியில் கொண்டுபோய்த் திறந்தால் போதும். பறக்கவில்லை, சிறகு தொங்குகிறது என்றால் அங்குள்ள வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். நம் நாட்டுக் காட்டுப் பறவையைப் பிடித்து வைத்திருப்பது சட்டப்படி குற்றமும்கூட; 1937 முதல் இருக்கிற கட்டளைச் சட்டம். பிள்ளை அழுதது என்று அதில் விலக்குக் கேட்க முடியாது.

தகப்பன் பிறகு அந்த விடுதிக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னாராம். அவர்கள் கண்ணாடியின் நடுவில் ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அதனால் பெரிய பிரயோசனமில்லை. குருவி பருந்துக்குப் பயப்படாது, அதைச் சுற்றிப் பக்கத்துக் கண்ணாடியில் போய் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க, ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் கோடு போட வேண்டும். சவர்க்காரக் கட்டியால் கீறினாலும் போதும், மழைக்குப் பிறகு திரும்பக் கீற வேண்டிவரும்.