வெயிலை நம்பி வாழும் உடம்பு

காலை ஏழரை மணிக்குப் பாறையோடு ஒட்டிக் கிடக்கும் ஓணான், இரவில் குளிர்ந்த உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது. நம்மைப்போல் உள்ளிருந்தே போதிய சூட்டை உண்டாக்கிக்கொள்ள அதன் உடம்பால் முடியாது. வெயிலிலிருந்தும் சுடுகல்லிலிருந்தும்தான் எடுக்க வேண்டும். சூடு ஏறாவிட்டால் வேகமாக ஓடவும் முடியாது, தின்றதும் செரிக்காது.

அந்த நேரத்தில் நாம் கிட்டே போனால் அது பொந்துக்குள் ஓடிவிடும், சூடேறுவது நின்றுபோகும். எனவே எட்டு மடங்கு பைனாகுலரோடு தள்ளி நின்று பாருங்கள். நம் நிழல் அதன் மேல் விழக்கூடாது. தலையைத் தூக்கினாலோ, தண்டால் எடுப்பதுபோல் உடம்பை ஏற்றி இறக்கினாலோ அதற்கு மேல் ஓரடியும் வைக்காதீர்கள். கல்லைப் புரட்டிப் பார்க்கவே கூடாது: அடியில் உள்ள ஈரம் காய்ந்துவிடும், முட்டை இருந்தால் கெட்டுவிடும். பல்லியைப் பிடித்தால் வாலை உதறிவிட்டு ஓடும். அதில் சேர்த்து வைத்த கொழுப்பும் அதோடு போகும். அரிய இனமென்றால் இடத்தைக் குறிப்பிட்டுப் படம் போடாதீர்கள், கடத்துபவர்களுக்கு அதுவே வழிகாட்டி.

வளர்க்க ஆசையா? நட்சத்திர ஆமை உள்ளிட்ட நம் நாட்டுக் காட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை, யாராவது சும்மா கொடுத்தாலும்கூட. பச்சை இகுவானா (பெரிய பல்லி வகை) போன்ற வெளிநாட்டு இனங்களுக்கு வழி இருக்கிறது. 2024-இல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்றவரிடம் கட்டாயம் ரசீது வாங்குங்கள்.

இகுவானா இலைதழை தின்பது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள்தான் அதைப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன, அதற்கும் சூடு வேண்டும். கூண்டின் ஒரு முனையில் 35 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 26. இடம் மாறிமாறி உட்கார்ந்து தனக்கு வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். சூட்டு விளக்குக்குத் தெர்மோஸ்டாட், அதாவது சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் கருவி, இல்லாமல் விடாதீர்கள். மின்சாரத்தில் சூடாகும் சூட்டுக்கல் வேண்டவே வேண்டாம், வயிறு வெந்தாலும் அது விலகாமல் கிடக்கும்.

அதிகம் பேர் தவறவிடுவது புறஊதா பி விளக்கு. அந்த ஒளியில்தான் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். அது கிடைக்காவிட்டால் உணவில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் உடம்பில் சேராது; தாடை மெத்தென்று ஆகும், கால் எலும்பு வளையும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் உதவாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். ஆகவே தயாரிப்பாளர் சொன்ன கெடுவில், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள், மாற்றிவிடுங்கள். மாட்டிய தேதியை விளக்கின் அடிப்பகுதியிலேயே எழுதி வையுங்கள்.