நாக்-அவுட் சுண்டெலி: நீக்கமா, முடக்கமா?

வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ‘நாக்-அவுட்’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. குத்துச்சண்டையில் குத்து வாங்கி விழுந்தவர், நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழவில்லை என்றால் நாக்-அவுட். எழுந்துவிட்டால் நாக்-டவுன்தான். மரபணு ஆய்விலும் இந்த வித்தியாசம் அப்படியே பொருந்துகிறது. மரபணுவின் வேலை அடியோடு நின்றால் நாக்-அவுட். குறைந்து, ஆனாலும் நடந்துகொண்டிருந்தால் நாக்-டவுன்.

தமிழில் நாக்-அவுட்டை ‘மரபணு நீக்கம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. 1989-இல் முதல் நாக்-அவுட் சுண்டெலிகள், அதாவது ஒரு மரபணுவின் வேலையை நிறுத்தி உருவாக்கிய சுண்டெலிகள், வந்த காலத்து முறையில், பெரும்பாலும் மரபணுவைப் பிடுங்கி எறியவில்லை. கருவின் குருத்தணுவில் (உடலின் எந்த வகை உயிரணுவாகவும் வளரக்கூடிய ஆரம்ப உயிரணுவில்), அந்த மரபணுவின் நடுவே வேறொரு டி.என்.ஏ. துண்டைச் செருகினார்கள். மரபணு இருந்த இடத்திலேயே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. இந்த முறைக்கு வழி திறந்த காபெக்கி, எவன்ஸ், ஸ்மிதீஸ் மூவருக்கும் 2007-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

அதனால் ‘முடக்கம்’தான் சரியான சொல். கை முடங்கிவிட்டது என்றால் கையே போய்விட்டது என்று பொருளில்லை. தோசை மாவில் அரைத்துச் சேர்க்கும் முடக்கத்தான் கீரைக்கும் ‘முடக்கு அறுத்தான்’ என்பதுதான் முழுப்பெயர். இன்றைக்குத் துண்டை வெட்டியே எடுக்கும் முறைகளும் உண்டு. வேலை நிற்பதைச் சொல்வதால் ‘முடக்கம்’ அவற்றுக்கும் பொருந்தும்.

முடக்கிப் பார்த்தால் என்ன தெரியும்? சுண்டெலிக்கு வழக்கமாக 13 ஜோடி விலா எலும்புகள். இடுப்புப் பகுதி முதுகெலும்பில் விலா கிடையாது. ஹாக்ஸ்-10 என்ற வகையில் மூன்று மரபணுக்கள் உண்டு. மூன்றையும் சேர்த்து முடக்கியபோது இடுப்பு முள்ளெலும்புகளிலும் விலா முளைத்தது. 2003-இல் வெளியான முடிவு இது. அதாவது ‘இங்கே விலா வேண்டாம்’ என்று கருவிலேயே தடுப்பது அந்த மரபணுக்களின் வேலை. ஒன்றை மட்டும் முடக்கியிருந்தால் இது இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. ஒன்று படுத்தாலும் மற்றவை அதன் வேலையை ஓரளவு பார்த்துக்கொள்ளும், அண்ணன் தம்பிகள் மாதிரி.

அப்புறம் ‘எலி’. செய்திகளில் எல்லாவற்றையும் எலி என்றே எழுதிவிடுகிறோம். ஆய்வுக்கூடத்தில் எலி வேறு, சுண்டெலி வேறு, இரண்டையும் வளர்க்கிறார்கள். ஹாக்ஸ்-10 ஆய்வு நடந்தது சுண்டெலியில். எனவே ‘மரபணு முடக்கச் சுண்டெலி’ என்று எழுதலாம். நாக்-டவுனுக்கு ‘மரபணுத் தணிப்பு’ போதும்; காய்ச்சல் தணிந்தது என்கிறோமே, அந்தத் தணிப்பு.