பிகாஸ் போட்டால் மூளை என்ன செய்கிறது?

மணிமுத்தாறு அணையைத் திறந்துவிட்டார்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் ஆளே இல்லை.

இந்த இரண்டு வாக்கியங்களையும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் காட்டினால், நடுவில் எதுவும் விடுபட்டிருப்பதாக அவருக்குத் தோன்றாது. மணிமுத்தாறு தாமிரபரணியில் வந்து சேர்கிறது. அணையைத் திறந்தால் ஆற்றில் தண்ணீர் ஏறும். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெரிய வெள்ளம் வந்தால் கோயிலே மூழ்கும். அப்படிப்பட்ட நேரத்தில் யார் குளிக்க இறங்குவார்கள்? இதில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. எல்லாவற்றையும் படிக்கிறவரே போட்டுக்கொண்டார். இதையே நம் ஊர்ப் பக்கமே வராத ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்கு இது தொடர்பில்லாத இரண்டு செய்தி. ஒன்று அணையைப் பற்றியது, இன்னொன்று ஏதோ படித்துறையைப் பற்றியது.

ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த இடைவெளியில்தான் ஸோ, பிகாஸ், ஆல்தோ, ஹவெவர் போன்ற இணைப்புச் சொற்கள் வந்து உட்காருகின்றன. பள்ளிக்கூடத்தில் இவற்றை ஒரு பட்டியலாகத் தருகிறார்கள், பிள்ளைகளும் மனப்பாடம் செய்கிறார்கள். கட்டுரையில் இடையிடையே தூவினால் நடை உயர்ந்துவிடும், மதிப்பெண்ணும் கூடும் என்று நம்புகிறார்கள். ஆனால் மூளை இவற்றை அலங்காரமாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்து வரும் தகவலை முந்தைய தகவலோடு எப்படிப் பொருத்துவது என்பதற்கான உத்தரவாக எடுத்துக்கொள்கிறது. இதை ஐம்பது வருடமாக உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்துவருகிறார்கள்.

1974ல் சூசன் ஹாவிலாண்டும் ஹெர்பர்ட் கிளார்க்கும் செய்த சோதனை எளிமையானது. ஒரு ஜோடியாக, ‘வண்டியிலிருந்து பீரை எடுத்தோம். பீர் சூடாக இருந்தது’ என்று காட்டினார்கள். இன்னொரு ஜோடியாக, ‘சுற்றுலாச் சாமான்களைச் சரிபார்த்தோம். பீர் சூடாக இருந்தது’ என்று காட்டினார்கள். இரண்டிலும் இரண்டாவது வாக்கியம் ஒன்றேதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் இரண்டாவது ஜோடியில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடுதல் நேரம் பிடித்தது. சாமான்களுக்குள் பீரும் இருந்திருக்க வேண்டும் என்ற ஒரு படியைப் படிக்கிறவர்களே கட்ட வேண்டியிருந்ததுதான் காரணம். எழுதாமல் விட்ட ஒவ்வொன்றுக்கும் படிக்கிறவர் இப்படித் தன் நேரத்தில் ஒரு துளியைக் கொடுக்கிறார்.

இணைப்புச் சொல் அந்தச் செலவைக் குறைக்கிறதா? 1994ல் கீத் மில்லிஸும் மார்செல் ஜஸ்டும் இதைத்தான் கேட்டார்கள். கணினித் திரையில் இரண்டு தகவல்களைக் காட்டினார்கள்; சிலவற்றில் நடுவே முற்றுப்புள்ளி, சிலவற்றில் பிகாஸ். பிகாஸ் இருந்தபோது இரண்டாவது பகுதியை வேகமாகப் படித்தார்கள், பிறகு கேட்ட கேள்விகளுக்கும் சீக்கிரமாகப் பதில் சொன்னார்கள். இதைவிடச் சுவையான விஷயம் ஒன்று உண்டு. இரண்டாவது பகுதி முடிந்த கையோடு, முதல் பகுதியில் இருந்த வினைச்சொல்லைக் காட்டி ‘இது வந்ததா?’ என்று கேட்டால், பிகாஸ் படித்தவர்கள் அதைச் சட்டென்று அடையாளம் கண்டார்கள். அதாவது முதல் பகுதி மனதில் மங்கிப் போகவில்லை. முடிவில் அதை மறுபடி எடுத்து இரண்டாவதோடு சேர்த்துப் பார்க்கும்படி அந்தச் சொல் செய்திருக்கிறது.

எல்லா இணைப்புச் சொற்களுக்கும் ஒரே எடை கிடையாது. படிக்கிற மனம் இயல்பாகவே, அடுத்த வாக்கியம் முந்தையதன் தொடர்ச்சி என்று வைத்துக்கொண்டுதான் நகர்கிறது. ஆகவே ஆண்ட், மோர்ஓவர் போன்றவை அது ஏற்கெனவே எதிர்பார்ப்பதையே சொல்கின்றன. பட், ஹவெவர், ஆல்தோ அப்படியல்ல. எதிர்பார்ப்பைத் திருப்பச் சொல்கின்றன. 1997ல் ஜான் மர்ரே தப்பான இடத்தில் இணைப்புச் சொற்களைப் போட்டுச் சோதித்தார். தேவையில்லாத இடத்தில் வந்த பட், படிப்பைக் குலைத்த அளவுக்கு, தேவையில்லாத ஆண்ட் குலைக்கவில்லை. கட்டுரையில் கொஞ்சம் கனமாகத் தெரியட்டுமே என்று ஹவெவர் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மோர்ஓவரை வீணாகப் போட்டால் படிக்கிறவர் பொறுத்துக்கொண்டு போய்விடுவார். ஹவெவரை வீணாகப் போட்டால் அவர் திரும்பிப் போய், எதற்கு எது எதிர் என்று தேடுவார். ஒன்றும் கிடைக்காது.

சரி, அப்படியானால் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒன்று போட்டுவிடலாமே? அதற்கும் பதில் இருக்கிறது. 1996ல் டேனியல் மெக்னமாராவும் வால்ட்டர் கின்ட்ச்சும் வேறு சிலரும் சேர்ந்து, அறிவியல் பாடம் ஒன்றைப் பல வடிவங்களில் மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலவற்றில் தொடர்புகள் எல்லாம் விளக்கமாக எழுதப்பட்டிருந்தன. சிலவற்றில் இடைவெளி விடப்பட்டிருந்தது. அந்தப் பாடத்தில் முன்னறிவு குறைந்தவர்களுக்கு விளக்கமான வடிவம்தான் உதவியது. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள், யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில், இடைவெளி விட்ட வடிவத்தைப் படித்தபோதே நன்றாகச் செய்தார்கள். இடைவெளியை அவர்களே நிரப்ப வேண்டியிருந்ததால் பாடம் ஆழமாகப் பதிந்தது. அணை, படித்துறை வாக்கியங்களுக்கு ஸோ வேண்டுமா என்ற கேள்விக்கு, யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதுதான் பதில். உள்ளூர்ப் பத்திரிகைக்கு என்றால் வேண்டாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் கட்டுரை என்றால் ஸோவோடுகூட, இரண்டு ஆறும் சேரும் தகவலையும் எழுத வேண்டும். தெரியாத தகவலுக்கு எந்த இணைப்புச் சொல்லும் ஈடு கிடையாது.

நேரில் பேசும்போது இந்தத் தொல்லையே இல்லை. ஆற்றங்கரையில் ஒரு ஆச்சி, “ஏல, தண்ணி கலங்கலா வருது, எறங்காத” என்று அதட்டினால், நடுவில் ‘ஆகையினால்’ எங்கே என்று எந்தப் பையனும் கேட்பதில்லை. குரலும் முகமும் கையும் அந்த வேலையைப் பார்த்துவிடுகின்றன. எழுத்தில் அவை இல்லை.

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சறுக்குவதற்குத் தமிழின் கட்டுமானத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையிலேயே வாழ்ந்தவர். இடையன்குடியில் 1841ல் வந்து குடியேறிய ராபர்ட் கால்டுவெல், 1856ல் வெளியிட்ட தன் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகள் இணைப்புச் சொற்களைவிட வினையெச்சங்களையே விரும்புகின்றன என்று குறித்தார். உண்மைதான். ‘மழை பெய்து, ஆறு பெருகி, பாலம் மூழ்கி, பஸ் நின்றுவிட்டது.’ நான்கு சம்பவம், ஒரு இணைப்புச் சொல்கூட இல்லை. ஒவ்வொரு வினையும் தன் வாலை நீட்டி அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறது.

இதில் ஒரு வசதி உண்டு. அந்த வால், உறவு என்ன என்பதைச் சொல்வதே இல்லை. ‘மழை பெய்து ஆறு பெருகியது’ என்றால் காரணம். ‘வீட்டுக்கு வந்து சாப்பிட்டான்’ என்றால் வரிசை. ‘சிரித்துப் பேசினாள்’ என்றால் விதம். மூன்றுக்கும் எச்சம் ஒன்றுதான். எது எது என்று கேட்கிறவர் பார்த்துக்கொள்வார். (ஒரே உருபு பல வேலை பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. ‘உம்’ ஒன்றுக்கே எட்டுப் பொருள் சொல்கிறது தொல்காப்பியம்.) இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதினால், ஒவ்வொரு வினையெச்சமும் ஒரு ஆண்ட் ஆகிறது. ரெய்ன் கேம் ஆண்ட் தி ரிவர் ரோஸ் ஆண்ட் தி பஸ் ஸ்டாப்டு ஆண்ட் ஐ டிட் நாட் கம். இலக்கணத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் ஆங்கிலம் படிக்கிறவருக்கு, நான்கு பொருளை வரிசையாக அடுக்கி வைத்தது போல இருக்கும். விடுப்புக்கு மழைதான் காரணம் என்பது அந்த வரிசையில் அமுங்கிப் போகும்.

ஆசிரியர் இந்த ஆண்ட் எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடிக்கிறார். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பேர் வாங்கிய பாளையங்கோட்டையானாலும் சரி, வேறு எங்கேயானாலும் சரி, பையன் அதற்குப் பதிலாக என்ன போடுகிறான் என்று பாருங்கள்: மோர்ஓவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன். மூன்றும் ஆண்ட் என்ற சொல்லின் பெரியண்ணன்கள்தான். சொல் நீண்டதே தவிர, உறவு ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

இன்னொரு வித்தியாசம், சொல் உட்காரும் இடம். தமிழில் ‘பெய்ததால்’, ‘பெய்தாலும்’ என்று உறவு வினையின் கடைசியில் வருகிறது. பகுதி முழுவதையும் கேட்ட பிறகுதான் அது காரணமா, தடையா என்று தெரியும். ஆங்கிலத்தில் பிகாஸும் ஆல்தோவும் பகுதியின் வாசலிலேயே நின்று, இனி வருவது இன்ன வகை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. பேச்சில் நாம் இரண்டு பக்கமும் கட்டுவதும் உண்டு: “ஏன்னா, மழ பெஞ்சதுனால.” முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, தமிழ்க் காதுக்கு உறுத்தாது. ஆங்கிலத்தில் ஆல்தோவில் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் பட் போட்டால் உறுத்தும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு முனையில் ஒரு கட்டு போதும். அப்புறம், பிகாஸில் வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் உண்டு. தாராளமாகத் தொடங்கலாம், பின்னால் முதன்மை வாக்கியம் வந்து சேர்ந்தால் போதும்.

காரணம் சொல்லும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘ஆறு கலங்கி வருகிறது, பிகாஸ் மலையில் மழை.’ இதில் மழை காரணம், கலங்கல் விளைவு. இதையே திருப்பிப் போடுங்கள்: ‘மலையில் மழை பெய்திருக்கிறது, பிகாஸ் ஆறு கலங்கி வருகிறது.’ இப்போது கலங்கல் மழைக்குக் காரணம் இல்லை. மழை பெய்தது என்று நான் சொல்வதற்குத்தான் அது ஆதாரம். பிகாஸ் ஒன்றுதான், ஆனால் முதலாவது உலகத்தில் நடந்ததைச் சொல்கிறது, இரண்டாவது என் ஊகம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது. 1997ல் டிராக்ஸ்லர், பைபீ, பிக்கரிங் ஆகியோர் கண் அசைவைப் பதிவு செய்யும் கருவியை வைத்துப் பார்த்தபோது, இந்த இரண்டாவது வகையைப் படிக்க அதிக நேரம் பிடித்தது. அந்தத் தாமதம் வாக்கியம் முடிவதற்கு முன்பே கண்ணில் தெரிந்துவிட்டது.

தமிழ் இந்த இடத்தில் கண்டிப்பானது. ‘ஆறு கலங்கி வருவதால் மலையில் மழை பெய்தது’ என்று எழுதினால் சிரிப்பார்கள். ‘மலையில் மழை பெய்திருக்கும், ஆறு கலங்கி வருகிறதே’ என்றுதான் சொல்வோம். ‘இருக்கும்’ என்பதும் அந்த ஏகாரமும் ஊகத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது மஸ்ட். இட் மஸ்ட் ஹாவ் ரெய்ன்ட் இன் தி ஹில்ஸ், பிகாஸ் தி ரிவர் இஸ் மடி என்று எழுதினால் படிக்கிறவர் தடுக்கி விழமாட்டார். ஆய்வறிக்கை எழுதும் கல்லூரி மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். ஆதாரத்தையும் காரணத்தையும் ஒரே பிகாஸுக்குள் திணித்தால், அறிவியலே தலைகீழாகிவிடும்.

ஹவெவர், தெர்ஃபோர் இரண்டுக்கும் ஒரு சின்னச் சட்டம். இவை இரண்டு முழு வாக்கியங்களைக் கமாவால் ஒட்டும் வலு இல்லாதவை. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். பட், ஸோ இரண்டுக்கும் கமா போதும். சந்தேகம் வந்தால் சொல்லை வாக்கியத்துக்குள் நகர்த்திப் பாருங்கள். ஹவெவர் நடுவிலும் கடைசியிலும் போய் உட்காரும், பட் அசையாது. அசைகிற சொல்லுக்குப் பிடிமானம் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி ஒரு பத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பத்தமடைப் பாயைப் பற்றி எழுதச் சொன்னால் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் ஏறக்குறைய இப்படி வரும்: ‘கோரையை அறுக்கிறார்கள். மோர்ஓவர், காய வைக்கிறார்கள். ஃபர்தர்மோர், மெல்லியதாகக் கிழித்து நீரில் ஊற வைக்கிறார்கள். ஹவெவர், தறியில் நெய்கிறார்கள். தெர்ஃபோர், பாய் மென்மையாக இருக்கிறது.’

நான்கு இணைப்புச் சொல் இருக்கிறது, நான்கும் பொய் சொல்கின்றன. காய வைப்பது அறுத்ததற்குக் கூடுதல் ஆதாரம் அல்ல, அடுத்த வேலை. அதற்கு ‘பிறகு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தென் போதும், அல்லது வெறும் கமா. ஊற வைப்பதும் அப்படியே. ஊற வைத்ததற்கும் நெய்வதற்கும் எந்த முரணும் கிடையாது, ஹவெவரைத் தூக்கிவிட வேண்டியதுதான். கடைசி தெர்ஃபோர், நெய்ததால்தான் மென்மை வந்தது என்கிறது. மென்மைக்குக் காரணம் இரண்டு வரி முன்னால் கிடக்கிறது, கோரையை அவ்வளவு மெல்லியதாகக் கிழித்ததில். காரணத்தை அதன் விளைவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் பத்தி இப்படி ஆகும்: ‘கோரையை அறுத்து, காய வைத்து, கிழித்து, ஊற வைக்கிறார்கள், தென் தறியில் ஏற்றுகிறார்கள். பிகாஸ் கோரை நூல் போல மெல்லியதாகக் கிழிக்கப்படுகிறது, பாய் துணி மாதிரி மென்மையாக இருக்கிறது. ஆல்தோ அது புல், உயர்ந்த ரகப் பாயைத் துணி போல மடிக்கலாம்.’

மோர்ஓவருக்கு இந்தப் பத்தியில் வேலை இல்லை. அது வர வேண்டுமென்றால் முதலில் ஒரு வாதம் வேண்டும். நல்ல ரகப் பாயின் விலை நியாயமானதுதான் என்று சொல்ல வந்தால், கோரையை அத்தனை மெல்லியதாகக் கிழிக்கவே நாள் பிடிக்கிறது என்று ஒரு காரணம் காட்டலாம். அப்புறம், மோர்ஓவர், இழை மெலிய மெலிய நெய்கிற நாளும் கூடுகிறது என்று அடுத்ததை வைக்கலாம்.